பொறிவண்டின் கண் எங்கே இருக்கிறது? (இளவேனில் பூச்சிகள், மேக்ரோ லென்ஸ், எண்ணூறு வீண் படங்கள்)

புதுமொட்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் கைக்கு வந்ததும் இளவேனில் தொடங்கியதும் ஒரே நேரம். செடியெல்லாம் தளிர், தளிரெல்லாம் பூச்சி. இதைவிட நல்ல காலம் வராது என்று இறங்கிவிட்டேன். எண்ணூறு படத்துக்கு மேல் ஆயிற்று, ஒன்றுகூடத் தேறவில்லை.

மூன்றை இணைத்திருக்கிறேன்.

முதல் படம், ரோஜா மொட்டில் பொறிவண்டு. ஆழம் (ஷார்ப்பாக விழும் தடிமன்) வேண்டும் என்று அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 22 வரை மூடினேன். ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 400. கண்ணில்தான் ஃபோகஸ் வைத்தேன், சத்தியமாக. ஆனாலும் படம் முழுக்கப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கிறது. முதுகில் வேறு வெள்ளையாக ஒரு தீற்றல்.

இரண்டாவது, பூவில் தேனீ. தேனீ என்று நான் சொன்னால்தான் தெரியும்.

மூன்றாவது வண்ணத்துப்பூச்சி. ஒரு இறக்கை பளிச், மறு இறக்கை காணோம்.

எல்லாமே பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் எடுத்தவை. வெளிச்சம் நிறையக் கிடைக்குமே என்று அந்த நேரம். லென்ஸில் ஏதும் கோளாறா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

---

பழைய லென்ஸ் எழுதியது:

லென்ஸை விட்டுவிடுங்கள் தம்பி, அது பாவம்.

எஃப் 22தான் முதல் குற்றவாளி. 1:1 என்றால் பூச்சி எவ்வளவு பெரியதோ அதே அளவில் சென்சாரில் விழுகிறது. அந்த அளவுக்குக் கிட்டே போகும்போது அப்பர்ச்சர் எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். நீங்கள் 22 வைத்தால் லென்ஸ் நடந்துகொள்வது 44 மாதிரி. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி நுழையும்போது சிதறும். ஒரு புள்ளி புள்ளியாக விழாது, வட்டமாக விழும். கணக்குப் போட்டால் அந்த வட்டம் ஏறத்தாழ 59 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). 24 மெகாபிக்சல் முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான். ஒரு பிக்சலில் அடங்க வேண்டியது பத்து பிக்சல் அகலத்துக்குப் படர்ந்தால் பஞ்சு ஒட்டாமல் என்ன செய்யும்?

8க்கும் 11க்கும் நடுவிலேயே இருங்கள். ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்பதுதான் மொத்த விளையாட்டும்.

ஒரு எச்சரிக்கை. நிகான்காரர்களுக்குக் கேமராவே இந்த இரட்டிப்புக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடும். 2.8 லென்ஸ் 1:1க்குப் போனதும் 5ஐ ஒட்டிக் காட்டும். கேனானில் 2.8 என்றால் 2.8 என்றே நிற்கும். இரண்டு கேமராக்காரர்களும் எண்ணை மட்டும் பரிமாறிக்கொண்டு சண்டை போட்ட இழைகள் இங்கே நிறைய உண்டு.

---

தும்பித்துணை எழுதியது:

பெரியவர் சொன்னது சரி. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புதுமொட்டு, நீங்கள் கண் என்று ஃபோகஸ் வைத்தது கண்ணே இல்லை.

ஏழு புள்ளிப் பொறிவண்டுக்குத் தலைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கேடயம் மாதிரி இருக்கும். அதன் இரண்டு முன் மூலையிலும் வெள்ளைத் திட்டு. மேலிருந்து பார்த்தால் பெரிய முண்டக்கண் மாதிரியே தெரியும். உண்மையான தலை அதற்கும் முன்னால், கீழே குனிந்து, கடுகில் பாதி அளவுக்கு இருக்கிறது. கண் அதன் பக்கவாட்டில். உங்கள் ஃபோகஸ் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் விழுந்துவிட்டது. பழைய லென்ஸ் சொன்ன கணக்குப்படி அது அடுத்த ஊர்.

கிட்டத்தட்ட எல்லாரும் முதலில் செய்யும் தப்பு இது. நான் ஒரு வருடம் செய்தேன்.

பொறிவண்டை மேலிருந்து எடுக்காதீர்கள். அது தண்டில் ஏறி வரும் பக்கம் லென்ஸைத் தாழ்த்தி, முகத்துக்கு நேராக வையுங்கள். உணர்கொம்புகள் இரண்டும் குட்டைத் துடுப்பு மாதிரி ஆடுவது அப்போதுதான் தெரியும். அசுவினி (தளிரின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி) மொய்த்த மொட்டாக இருந்தால் துரத்தவே வேண்டாம், அதுவே உங்களிடம் வரும்.

---

புதுமொட்டு எழுதியது:

கண் இல்லையா!! எண்ணூறில் இருநூறு படம் அந்த வெள்ளைத் திட்டுக்கே போயிருக்கிறது. எதற்கும் பழைய படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். திட்டு எல்லாவற்றிலும் அருமையான ஷார்ப்.

சரி, தேனீக்கு என்ன செய்வது? 1/60 போதாது என்று புரிகிறது. 1/500 வைத்தால் இருட்டாகிவிடுகிறது.

---

சாளரம் எழுதியது:

ஃப்ளாஷ். வேறு வழி இல்லை.

தேனீ விநாடிக்கு இருநூறு தடவைக்கு மேல் சிறகடிக்கும். அது போதாதென்று உங்கள் கை நடுங்குகிறது. 1:1இல் கை 0.1 மி.மீ. நகர்ந்தால் சென்சாரிலும் படம் அதே 0.1 மி.மீ. நகரும், அதாவது பதினாறு பதினேழு பிக்சல். இதை ஷட்டர் நிறுத்தாது, ஃப்ளாஷ் நிறுத்தும். முழு சக்தியில் அடிக்காமல் 1/32க்கு இறக்கினால் ஃப்ளாஷ் எரியும் நேரம் ஏறத்தாழ விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் 8 அல்லது 11, ஐஎஸ்ஓ 200. படத்தை எழுதுவது ஃப்ளாஷ் மட்டும்.

அப்புறம் ஃபோகஸ் ஸ்டாக்கிங் கற்றுக்கொள்ளுங்கள். எஃப் 5.6இல் முன்னிருந்து பின்னாக இருபது படம் எடுத்து, ஹெலிகான், ஸீரீன் மாதிரி மென்பொருளில் போட்டுச் சேர்த்தால் தலை முதல் வால் வரை ஷார்ப். ஒற்றைப் படத்தில் இந்தக் காலத்தில் மேக்ரோ செய்வது வீம்பு.

---

பழைய லென்ஸ் எழுதியது:

வீம்புக்காரன் ஆஜர்.

ஃப்ளாஷ் விஷயத்தில் சாளரத்தோடு ஒத்துப்போகிறேன். ஆனால் வெறும் ஃப்ளாஷை அடித்தால் இப்போது முதுகில் ஒரு தீற்றல் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை இருக்கும். பொறிவண்டின் முதுகு குவிந்த கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அதைக் காட்டிக்கொடுக்கும். யாராவது வண்டுப் படம் போட்டால் நான் முதலில் பார்ப்பது வண்டை இல்லை, அதன் முதுகில் தெரியும் விளக்கின் வடிவத்தை. சின்னச் சதுரம் என்றால் டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் மறைப்பு) இல்லை. ஓரம் கரைந்த அகலமான வெண்மை என்றால் ஆள் வேலை தெரிந்தவர்.

டிஃப்யூசர் கடையில் வாங்க வேண்டியதில்லை. என்னுடையது ஒரு தடித்த அட்டை, உள்பக்கம் வெள்ளை, வாயில் இரண்டு அடுக்கு டிரேசிங் தாள். இரண்டு அடுக்குக்கும் நடுவில் விரல் கனம் இடைவெளி விட்டிருக்கிறேன், அதுதான் முக்கியம். ஒட்டிப் போட்டால் நடுவில் கண்ணைக் கூசும் வெளிச்சப் புள்ளி அப்படியே இருக்கும். லென்ஸின் நுனிக்கு மேலே, முன்னுக்குக் கவிந்து நிற்க வேண்டும். பூச்சியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மேகம் மூடிய வானம் மாதிரி பெரிதாகத் தெரிய வேண்டும். ஒரு அடி தள்ளி வைத்தால் அதே டிஃப்யூசர் பூச்சிக்கு ஒரு சின்ன ஜன்னல்.

பின்னணி கறுப்பாகப் போகும், அதற்கும் தயாராக இருங்கள். ஃப்ளாஷ் வெளிச்சம் பூச்சியைத் தாண்டியதும் மளமளவென்று குறையும். ஒரு காய்ந்த இலையையோ பச்சை இலையையோ நாலு விரல் பின்னால் பிடித்தால் போதும், நிறம் வந்துவிடும்.

ஸ்டாக்கிங் பற்றி: அசையாத பூச்சிக்குச் சரி. உயிருள்ள பூச்சி மூச்சு விடும் தம்பி.

---

சாளரம் எழுதியது:

காலையில் போனால் அசையாது. இதற்குத்தானே ஐந்து மணிக்கு எழுந்திருப்பது.

---

தும்பித்துணை எழுதியது:

அதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஃப்ளாஷ், ஸ்டாக்கிங் எல்லாம் அப்புறம். புதுமொட்டின் உண்மையான சிக்கல் பதினொன்று முதல் ஒன்று.

பூச்சியின் உடம்புச் சூடு அதன் கையில் இல்லை, வெயிலின் கையில் இருக்கிறது. பொதுவாகச் சொல்கிறேன். பம்பிள்பீ (ரோமம் அடர்ந்த பெரிய தேனீ வகை) மாதிரி சில உண்டு, பறக்கும் தசையை நடுக்கி நடுக்கியே மார்பை 30 டிகிரி வரை ஏற்றிக்கொண்டு குளிரிலும் கிளம்பிவிடும். மற்றவை வெயிலுக்குக் காத்திருக்கும். உச்சிவெயிலில் பூச்சியின் இயந்திரம் முழு வேகத்தில் ஓடுகிறது. உங்கள் நிழல் விழுந்ததும் போய்விடும். விடிகாலையில் அதே பூச்சி விரலால் தொட்டாலும் நகரத் திணறும் (தொடாதீர்கள்).

இளவேனிலின் வரமே இதுதான். பகலில் பூச்சி வெளியே வரும் அளவுக்குச் சூடு, இரவில் அதை முடக்கிப்போடும் அளவுக்குக் குளிர். கோடையில் விடிகாலைகூட வெதுவெதுப்பாகிவிடும், இந்தச் சலுகை கிடையாது. இன்னொன்று, இப்போது வருவதில் பெரும்பாலும் புதுச் சரக்கு. கூட்டை விட்டு நேற்று வந்த வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கை ஓரம் கிழிந்திருக்காது, செதில் உதிர்ந்திருக்காது. இரண்டு மாதம் கழித்து அதே இனத்தைப் பாருங்கள், கந்தல் துணி.

செய்ய வேண்டியது: முந்தின நாள் மாலையே போங்கள், கேமரா வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் பூச்சிகள் இடம் பிடிப்பதைப் பாருங்கள். புல்லின் நுனி, காய்ந்த தண்டு, பூவின் அடிப்பக்கம். எந்தத் தண்டு என்று மனதில் குறித்துக்கொண்டு விடிவதற்கு முன் அங்கேயே போய் நில்லுங்கள்.

வண்ணத்துப்பூச்சியில் ஒரு இறக்கை மட்டும் ஷார்ப் ஆனதற்குக் காரணம் கோணம். இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் போய், கேமராவின் முதுகும் இறக்கையும் இணையாக இருக்கும்படி நில்லுங்கள். ஒரு தாளை ஸ்கேனரில் வைக்கிற மாதிரி. ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் மொத்த இறக்கையும் அடங்கிவிடும்.

---

கைபேசிக்காரன் எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் கைபேசியும் அதில் மாட்டும் கிளிப் லென்ஸும்தான் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

---

பழைய லென்ஸ் எழுதியது:

நன்றாகப் பொருந்தும். கைபேசியின் சென்சார் சின்னது, அதனால் ஆழம் எங்களைவிடத் தாராளமாகக் கிடைக்கும். கஷ்டம் என்னவென்றால் பூச்சிக்கு இரண்டு மூன்று செ.மீ. வரை போக வேண்டும். அதனால் விடிகாலை எங்களைவிட உங்களுக்குத்தான் அவசியம். அசுவினி, முட்டை, கம்பளிப்புழு என்று ஓடாத ஆட்களில் தொடங்குங்கள்.

பழைய கேமரா கிடைத்தால் ஒன்று சொல்கிறேன். நான் எட்டு வருடம் மேக்ரோ லென்ஸே இல்லாமல்தான் எடுத்தேன். பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக, ரிவர்ஸ் ரிங் போட்டு மாட்டினால் கிட்டத்தட்ட 1:1. 28ஐத் திருப்பினால் 2:1ஐத் தொடும். அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துளையைச் சுருக்க வழியில்லை. பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலரை செ.மீ. போலத்தான் கிடைக்கும், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. ஃபோகஸ் வளையம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துச் சாய்த்து எடுக்க வேண்டும்.

அந்தச் சாய்வுப் பழக்கம்தான் இன்றும் எனக்குச் சோறு. மேக்ரோ லென்ஸ் வந்த பிறகும் நான் ஆட்டோஃபோகஸ் போடுவதில்லை. வேண்டிய பெருக்கத்தில் வளையத்தை நிறுத்திவிட்டு, மெதுவாக முன்னால் சாய்ந்து, கண் பளிச்சிடும் நொடியில் அழுத்துவேன்.

காற்றடித்தால் இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தண்டைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்து வையுங்கள். ஆடினால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். எந்த முக்காலியும் இதற்கு ஈடில்லை. தண்டைத் தொடும்போது பட்டென்று பிடிக்காதீர்கள். பூச்சியிலிருந்து ஒரு சாண் கீழே பிடித்து, விரலை மெல்ல மேலே கொண்டுவாருங்கள்.

---

சாளரம் எழுதியது:

ஐந்து மணிக்கு எழ முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பூச்சியை டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் ஐந்து நிமிடம். வெளியே எடுத்து இலையில் வைத்தால் பத்து நிமிடம் சிலை. அப்புறம் பறந்துவிடும், ஒன்றும் ஆகாது. இணையத்தில் பார்க்கும் பனித்துளிப் படங்களில் எத்தனை குளிர்பெட்டிப் படம் என்று நினைக்கிறீர்கள்?

---

கரிச்சான் எழுதியது:

இதற்காகவே நுழைகிறேன்.

சாளரம், இது புதிய குறுக்குவழி இல்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இது மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார். உருப்பெருக்கியில் எறும்பை வரைய உட்கார்ந்தார், எறும்பு நிற்கவில்லை. பசையில் ஒட்டினால் திமிறுகிறது, கொன்றால் உடம்பு சுருங்கிவிடுகிறது. கடைசியில் பிராந்தியில் போட்டார். எறும்பு மயங்கி விழுந்தது. கால்களை நேராக்கி வைத்து ஒரு மணி நேரம்போல வரைந்தார். திடீரென்று எழுந்து ஓடிவிட்டதாம். 1665இல் அச்சில் எழுதியும் வைத்தார், மறைக்கவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வராததற்கு அதுதான் காரணம்.

குளிர்பெட்டிப் படத்தில் எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று, பூச்சிக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படித் தெரியும்? பறந்து போனதைப் பார்த்தீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தீர்களா? இரண்டு, படம் பொய் சொல்கிறது. தானாக உறங்கும் பூச்சி தண்டைப் பிடித்திருக்கும், நகம் அழுந்தியிருக்கும். குளிரவைத்து எடுத்து வைத்ததற்குக் கால்நுனி தொங்கும், உணர்கொம்பு ஒழுங்கில்லாமல் மடிந்திருக்கும், மேலே வியர்த்த மாதிரிப் பொடித்துளி. பழகின கண்ணுக்கு ஒரு பார்வை போதும்.

எடுக்காதே என்று நான் சொல்ல முடியாது. எடுத்தால், கீழே குளிர்பெட்டி என்று எழுதுங்கள். ஹூக் எழுதினார்.

---

சாளரம் எழுதியது:

நான் செய்கிறேன் என்று சொல்லவில்லையே அக்கா. இப்படி ஒன்று உண்டு என்றுதான் சொன்னேன்.

---

கரிச்சான் எழுதியது:

சரி தம்பி. உங்கள் போன மாதத்து மலர் ஈயின் கால்நுனியை நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

---

நெறியாளர் எழுதியது:

போதும், போதும். எட்டுக்காலிப் படம் போட்ட இரண்டு பேருக்கும்: குதிக்கும் சிலந்தி அழகுதான், ஆனால் பூச்சி இல்லை. அந்தப் பதிவுகளைச் சிலந்தி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன்.

---

தும்பித்துணை எழுதியது:

கரிச்சான் சொன்னதன் பின்னாலேயே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். குளிர்பெட்டி இல்லாமலே கெடுதல் செய்ய முடியும்.

சில வருடம் முன்பு, இளவேனில் விடியல், ஒரு குளத்தங்கரை. நாணல் தண்டில் தட்டான் இளம்பூச்சி ஒன்று நீரிலிருந்து ஏறி நின்றது. முதுகு பிளந்து தலையும் மார்பும் வெளியே வந்தன. பிறகு தலைகீழாகத் தொங்கி அரை மணி நேரம்போல அசைவே இல்லை. கால்கள் இறுகக் காத்திருக்கும் நேரம் அது. திடீரென்று வயிற்றை மடக்கி எழும்பித் தன் பழைய தோலையே பிடித்துக்கொண்டு வாலை உருவியது. இறக்கைகள் கசங்கின தாள் மாதிரி நாலு முடிச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து நுனிக்குப் பிரிந்து நீண்டன. பால் நிறம்.

எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு புல் குறுக்கே வந்தது. ஒரே ஒரு புல். அதை விலக்கினேன். அது வளைந்து மீண்டு வந்து ஈர இறக்கையில் தட்டியது. ஒரு நொடி. இறக்கை அந்த இடத்தில் மடிந்தது, மடிந்தபடியே காய்ந்தது. மற்ற மூன்றும் கண்ணாடி மாதிரித் தெளிந்தன. வெயில் ஏறியதும் இறக்கையைப் படபடவென்று நடுக்கியது, கிளம்பப் பார்த்தது, தண்ணீரில் விழுந்தது.

படங்கள் நன்றாக வந்திருந்தன. இங்கே போட்டதில்லை.

தோல் உரிக்கும் பூச்சி கிடைத்தால் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே நில்லுங்கள். குறுக்கே புல் இருந்தால் புல்லோடு எடுங்கள்.

---

புதுமொட்டு எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும், நாலு நாள் விடியலில் போயிருந்தேன்.

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை, முழங்கால் வரை நனைந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் ரோஜா மொட்டிலேயே உட்கார்ந்தேன். அசுவினி நான் நினைத்ததைவிடச் சுவாரசியம். ஒன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது! முட்டை இல்லை, காலெல்லாம் மடக்கி வைத்த முழு அசுவினி, பின்பக்கமாக வெளியே வருகிறது. அப்படியும் பிறக்குமா?

பக்கத்து இலையில் மயிரிழைக் காம்பின் நுனியில் வெள்ளை முட்டை, வரிசையாக ஏழு. பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கப் போனேன்.

மூன்றாம் நாள் மாலை, தும்பித்துணை சொன்னபடி கேமரா இல்லாமல் போனேன். காய்ந்த தண்டு ஒன்றில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று சொல்லக் கூடாது, தண்டைக் கடித்தது. கடித்தபடியே காலை மடக்கிக்கொண்டது. தாடையில் மட்டும் தொங்குகிறது. செத்துவிட்டது என்று நினைத்தேன். நாலாம் நாள் விடிவதற்கு முன் போனால் அதே இடத்தில், அதே கோணத்தில். உடம்பின் ரோமம் எல்லாம் பொடிப்பனி.

டிஃப்யூசர் செய்திருந்தேன் (பழைய லென்ஸ் சார், விரல் கனம் இடைவெளி விட்டேன்). எஃப் 11, 1/200. ஸ்டாக்கிங்கும் செய்து பார்த்தேன், முக்காலியில், எஃப் 5.6, 24 படம்.

இரண்டையும் இணைத்திருக்கிறேன். ஸ்டாக்கில் வயிற்றுக்கு இரண்டு ஓரம் தெரிகிறது, உணர்கொம்பு மூன்று இருக்கிறது. தப்பு எங்கே?

---

கரிச்சான் எழுதியது:

தனித்தேனீ, உறங்கும் ஆண். பெண்கள் பெரும்பாலும் தாங்கள் கட்டும் கூட்டுக்குள் போய்விடும். வீடில்லாத ஆண்கள் இப்படித் தண்டைக் கடித்துக்கொண்டு தூங்கும். ஒற்றைப் படம் அருமை. தாடை தண்டில் அழுந்தின இடத்தில் பட்டை சற்றே நசுங்கியிருப்பதுகூடத் தெரிகிறது பாருங்கள்.

மூன்றாவது உணர்கொம்பு எங்கிருந்து வந்தது என்றால், அது எழத் தொடங்கிவிட்டது. தேனீ எழும்போது பெரும்பாலும் உணர்கொம்புதான் முதலில் அசையும். பிறகு வயிறு ஏறி இறங்கும், அது மூச்சு. பிறகு முன்காலால் முகம் துடைக்கும். கடைசியில்தான் தாடையை விடும். உங்கள் 24 படம் முடிவதற்குள் முதல் இரண்டும் நடந்துவிட்டன.

அசுவினி குட்டிதான் போடும், இளவேனிலில் முட்டை இடாது. குளிர்காலம் தாண்டிய முட்டையிலிருந்து வருவது பெண், அது ஆண் துணை இல்லாமலே பெண்குட்டிகளாகப் போட்டுத்தள்ளும். வாரக்கணக்கில் ஒரு மொட்டு கறுத்துப்போவது இப்படித்தான்.

காம்பு முட்டையைத் துடைக்காமல் விட்டீர்களே, நல்லது. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி இட்டது. அதன் புழுக்கள் பசியில் ஒன்றையொன்று தின்னும், அதனால் அம்மா ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் காம்பில் நட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்பார்கள். எறும்பிடமிருந்தும் தப்பும்.

---

பழைய லென்ஸ் எழுதியது:

"உயிருள்ள பூச்சி மூச்சு விடும் தம்பி." நானே என்னை மேற்கோள் காட்டிக்கொள்கிறேன், வயதானால் இந்தச் சுகம் எல்லாம் வேண்டியிருக்கிறது.

---

சாளரம் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. 24 படம் அதிகம். முகத்துக்கு மட்டும் ஆறேழு படம், வேகத் தொடரில் இரண்டு விநாடிக்குள் எடுத்துவிட்டால் இந்தப் பேய் உணர்கொம்பு வராது. ஃப்ளாஷ் குறைந்த சக்தியில் இருந்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும். வயிறு மங்கலாகப் போகட்டும், யாரும் வயிற்றைப் பார்ப்பதில்லை. இன்னும் அரை மணி முன்னால் போங்கள்.

மலர் ஈ விஷயம்: கரிச்சான் அக்கா, அந்தப் பதிவின் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

---

கரிச்சான் எழுதியது:

பார்த்தேன். நன்றி தம்பி.

புதுமொட்டு, இன்று மாலை அந்தத் தண்டைப் போய்ப் பாருங்கள். இந்த ஆண்கள் பல நேரம் அதே இடத்துக்கே திரும்பி வரும், கூட்டாளிகளும் சேரும். பக்கத்துச் செடியை யாரும் வெட்டாமல் இருக்க வேண்டும்.

---

புதுமொட்டு எழுதியது:

வந்துவிட்டது! ஒன்றில்லை, மூன்று. ஒன்றுக்குக் கீழ் ஒன்று, மூன்றும் ஒரே தண்டைக் கடித்துக்கொண்டு. நடுவில் உள்ளவர் காலால் கீழே உள்ளவரை உதைத்துக்கொண்டே இருந்தார், இருட்டும் வரை.

சிக்கல் என்னவென்றால் மூன்றும் ஒரே தளத்தில் இல்லை. மேலே உள்ளது என் பக்கம், கீழே உள்ளது கால் திருப்பு அந்தப் பக்கம். நாளை விடியலில் 8 வைக்கவா, 11 வைக்கவா, அல்லது ஆறு பட ஸ்டாக்கா?

---

பழைய லென்ஸ் எழுதியது:

11. தண்டைச் சுற்றிக் கால் வட்டம் நடந்து பாருங்கள், இரண்டு பேராவது ஒரே தளத்துக்கு வருகிற கோணம் ஒன்று இருக்கும். வராவிட்டால் உதைத்தவரைப் பிடியுங்கள்.